கழுத்தில் போட்ட லைன்: அந்த ‘நரம்பு’ எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு 67 வயது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்து, பிரஷர் இறங்கி, ஐ.சி.யூ.வில் இருக்கிறார். “கழுத்து நரம்பில் சென்ட்ரல் லைன் போடணும்” என்று கையெழுத்து வாங்கினார்கள். படிவத்தில் ‘இன்டர்னல் ஜுகுலர்’ என்று இருந்தது. லைன் போட்டு இரண்டு நாளாகிறது. கையில் அத்தனை நரம்பு இருக்கும்போது ஏன் கழுத்து? நரம்பில் குத்தினால் கை கால் விழுந்துவிடாதா? அதற்கு முதல் நாள் ஒரு டாக்டர் டார்ச் அடித்து அப்பாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அது எதற்கு? இந்த மூன்றும்தான் நீங்கள் கேட்டவை.

நான் மயக்க மருந்து மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் ஐ.சி.யூ.க்களில் வேலை பார்த்திருக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயத்தை முதலில் எடுத்துவிடலாம். ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லை வைத்து நாம் மூன்று பொருளைச் சொல்கிறோம். மூளையின் கட்டளையைக் கொண்டுபோவதும் நரம்பு. “நரம்பு கிடைக்கலை, அந்தக் கையை நீட்டுங்க” என்று நர்ஸ் சொல்லும்போது அது ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே இழுத்துப் பிடிக்கும் தசைநாணையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். அப்பாவுக்கு லைன், அதாவது மருந்து செலுத்தும் மெல்லிய டியூப், போட்டிருப்பது இரண்டாவது வகையில். பாடப்புத்தகத் தமிழில் சிரை, அதாவது அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துப்போவது தமனி. சிரையில் ஊசி போவதால் கை கால் விழாது. பக்கத்தில் தமனியும் உண்டு, நிஜ நரம்புகளும் உண்டு என்பதால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, இந்தச் சிரை எங்கே இருக்கிறது? மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 700 மில்லி ரத்தம் போகிறது. போன ரத்தம் திரும்பி வர வேண்டும் இல்லையா? மண்டையோட்டுக்குள் சைனஸ் என்ற கால்வாய்கள் அதைச் சேகரிக்கின்றன (சளி பிடிக்கும்போது வலிக்கும் சைனஸ் வேறு, இது வேறு). அதில் காதுக்குப் பின்புறம் வளைந்து நெளிந்து இறங்கும் ஒன்று, மண்டையோட்டின் அடியில் இருக்கும் ஒரு துளை வழியாக வெளியே வருகிறது. வெளியே வந்ததும் அதற்குப் பெயர் இன்டர்னல் ஜுகுலர், தமிழில் உட்கழுத்துச் சிரை. தொடங்கும் இடத்தில் குமிழ் போல ஒரு சின்ன வீக்கம். அங்கிருந்து நேராகக் கீழே இறங்கி, வழியில் முகம், நாக்கு, தொண்டை, தைராய்டு ஆகியவற்றின் சிரைகளையும் சேர்த்துக்கொண்டு, காறையெலும்பின் உள்முனைக்குப் பின்னால் கையிலிருந்து வரும் பெரிய சிரையோடு கலக்கிறது.

கழுத்தில் அது தனியாக இறங்குவதில்லை. மூன்று பேர் ஒரே போர்வைக்குள் படுத்திருப்பது போல ஒரு மெல்லிய உறைக்குள் மூன்று பொருள்கள்: உள்பக்கம் கரோட்டிட் தமனி, வெளிப்பக்கம் இந்தச் சிரை, இரண்டுக்கும் நடுவே சற்றுப் பின்னால் வேகஸ் நரம்பு. இது நிஜமான நரம்பு. மேலே மூடியாக, காதுக்குப் பின்னாலிருந்து சாய்வாக இறங்கும் தடித்த தசை. தலையை ஒரு பக்கம் திருப்பினால் எதிர்ப்பக்கம் கயிறு போல எழுமே, அதுதான். அந்தத் தசை கீழே இரண்டாகப் பிரிந்து மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் ஒட்டுகிறது. நடுவில் ஒரு சின்ன முக்கோணப் பள்ளம். ஒல்லியான ஆட்களுக்குக் கண்ணாடியிலேயே தெரியும். உட்கழுத்துச் சிரை அந்தப் பள்ளத்துக்கு அடியில், தோலிலிருந்து ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் ஓடுகிறது.

“கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்” என்று சொல்கிறோம். நாதஸ்வரக்காரர் நீளமாக ஒரு மூச்சு ஊதும்போதும் புடைக்கும். அப்படித் தோலுக்கடியில் கயிறாகத் தெரிவது உட்கழுத்துச் சிரை என்ற அண்ணன் இல்லை, அவருடைய தம்பி வெளிக்கழுத்துச் சிரை. அண்ணன் தசைக்கு அடியில் மறைந்திருப்பதால் குழாயாகக் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனால் புடைப்பதற்குக் காரணம் இருவருக்கும் ஒன்றே. மூச்சைப் பிடித்து அழுத்தும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் வாசலிலேயே நின்று, பின்னால் தேங்குகிறது.

இந்தத் தேங்கல்தான் முழுக் கதைக்கும் சாவி. தமனியில் 120, 80 என்று அளக்கிறோமே, அதே அலகில் இந்தச் சிரைக்குள் இருக்கும் அழுத்தம் வெறும் 5, 6தான். சுவரும் மெல்லிசு. உள்ளே ரத்தம் இருந்தால் உப்பும், இல்லாவிட்டால் ஈரத்துணி போல ஒட்டிக்கொள்ளும். நாம் எழுந்து நின்றதும் உட்கழுத்துச் சிரை பெரும்பாலும் சப்பிப்போகிறது. அப்போது மூளையின் ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியிருக்கும் சிரை வலை வழியாக இறங்குகிறது. படுத்ததும் மறுபடி ஜுகுலர் திறக்கிறது. ஒரு நாளில் எத்தனை தடவை படுத்து எழுகிறோமோ அத்தனை தடவை இந்த மாற்றுப்பாதை ஏற்பாடு நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது.

இப்போது டார்ச் டாக்டருக்கு வருவோம். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் தண்ணீர் நிரப்பிய ஒரு டியூபை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அடுத்த முனையிலும் அதே உயரம். வலது உட்கழுத்துச் சிரை இதயத்தின் வலது மேலறைக்கு அப்படி ஒரு மட்டக்குழாய். கழுத்திலிருந்து மேலறை வரை கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோடு. கீழ்முனையில் ஒரு சின்ன வால்வு உண்டு. இருமும்போதும் முக்கும்போதும் ரத்தம் மூளைப்பக்கம் எகிறாமல் தடுக்க அது உதவும், ஆனால் அழுத்தத்தை மறைக்காது. ஆகவே மேலறையில் அழுத்தம் ஏறினால் கழுத்தில் ரத்த மட்டம் ஏறும், இறங்கினால் இறங்கும்.

நோயாளியை 45 டிகிரி சாய்த்துப் படுக்கவைத்து, தலையை லேசாக இடப்பக்கம் திருப்பி, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால், தசைக்கு மேலே தோல் அலைபோல மெதுவாக அசைவது தெரியும். சிரையைப் பார்க்கிறோம் என்பதைவிட அதன் நிழலாட்டத்தைப் பார்க்கிறோம் என்பது சரி. அசைவின் மேல்முனை, மார்பெலும்பில் மேலேயிருந்து கொஞ்சம் கீழே கையில் தட்டுப்படும் மேட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று அளப்போம். மூன்று, மிஞ்சினால் நான்கு வரை இயல்பு. அந்த மேட்டிலிருந்து வலது மேலறை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கீழே என்பது நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. இரண்டையும் கூட்டினால் மேலறையின் அழுத்தம் சென்டிமீட்டர் தண்ணீர்க் கணக்கில் வந்துவிடும். இதற்குத்தான் ஜே.வி.பி. என்று பெயர். பைசா செலவில்லை, ஊசி இல்லை.

பக்கத்தில் கரோட்டிட் தமனியும் துடிக்கிறதே, குழம்பாதா? முதலாண்டு மாணவர்கள் குழம்பத்தான் செய்வார்கள். கரோட்டிட் துடிப்பு விரலில் தட்டும், ஒரு துடிப்புக்கு ஒரே எழும்பல். சிரையின் அசைவு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. ஒரு துடிப்புக்கு இரண்டு முறை அசையும். காறையெலும்புக்குச் சற்று மேலே விரலால் லேசாக அழுத்தினால் மறைந்துவிடும், மூச்சை இழுத்தால் மட்டம் இறங்கும், வயிற்றை அழுத்தினால் ஏறும்.

அந்த இரட்டை அசைவைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜேம்ஸ் மெக்கென்சி. ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலாந்தில் பர்ன்லி என்ற பஞ்சாலை ஊரில் சாதாரணக் குடும்ப மருத்துவராக இருந்தவர். கல்லூரி இல்லை, ஆய்வகம் இல்லை. அந்த வட்டாரத்துக் கடிகாரக்காரர் ஒருவரின் உதவியோடு, நகரும் காகிதத்தில் மையால் கோடு போடும் ஒரு கருவியைச் செய்தார். கழுத்துச் சிரையின் அசைவும் மணிக்கட்டு நாடியும் அதில் ஒரே நேரத்தில் பதிவாகும். 1902இல் தன் பதிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். மேலறை சுருங்கும்போது வரும் அலைக்கு ‘ஏ’. கரோட்டிடின் துடிப்பு ஒட்டிக்கொண்டு வருவதாக நினைத்த சின்ன அலைக்கு ‘சி’. அறை நிரம்பும்போது வருவதற்கு ‘வி’. ‘சி’ அலை, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மூவிதழ் வால்வு மூடி மேலறைப் பக்கம் புடைப்பதால் வருவது என்று பின்னால் விளக்கினார்கள். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு நோயாளியின் நாடி திடீரெனத் தாறுமாறானபோது, கழுத்தில் ‘ஏ’ அலை காணாமல் போனதை அவர் கவனித்தார். மேலறை செயலிழந்துவிட்டது என்று முதலில் கருதினார். 1909 வாக்கில் தாமஸ் லூயிஸ் ஈ.சி.ஜி.யை வைத்து, மேலறை செத்துப்போகவில்லை, ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று காட்டினார். இன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று லட்சக்கணக்கானவர்களுக்கு மாத்திரை எழுதும் நோய் அதுதான். கழுத்தைப் பார்த்தே பிடிபடும் வேறு நோய்களும் உண்டு. மேலறையும் கீழறையும் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாக அடிக்கும் ஹார்ட் பிளாக்கில், மூடிய வால்வை எதிர்த்து மேலறை சுருங்கும்போது கழுத்தில் ‘ஏ’ அலை பீரங்கி போல எகிறும். மூவிதழ் வால்வு கசிந்தால் ‘வி’ அலை ராட்சசமாகும். மூச்சை இழுக்கும்போது இறங்க வேண்டிய மட்டம் ஏறினால், இதய உறை கெட்டியாகி இறுகியிருக்கிறதோ என்று சந்தேகிப்போம். நம் ஊரில் அதற்கு முக்கியக் காரணம் காசநோய்.

அப்பாவின் விஷயத்தில் டாக்டர் பார்த்தது அநேகமாக எளிய கேள்வி: குழாய் காலியா, நிரம்பியிருக்கிறதா? பிரஷர் இறங்கியிருக்கும்போது சிரை சப்பிக் கிடந்தால் உடம்பில் நீர் போதவில்லை, டிரிப்ஸ் ஏற்றலாம். பிரஷரும் இறங்கி, சிரையும் தாடை வரை நிரம்பி நின்றால் இதயம் என்ற பம்பில் கோளாறு. அங்கே டிரிப்ஸை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கும். ஒரே லோ பிரஷர், எதிரெதிர் சிகிச்சை.

ஆனால் இந்த மட்டத்தை நாங்களே ஒரு காலத்தில் அளவுக்கு மீறி நம்பினோம். 2001இல் டெட்ராய்ட்டில் இமானுவேல் ரிவர்ஸ் குழு, செப்சிஸ் (அப்பாவுக்கு வந்தது போன்ற கடும் தொற்று) நோயாளிகளுக்கு இந்த அழுத்தம் 8லிருந்து 12 மில்லிமீட்டர் பாதரசம் வரும்வரை நீர் ஏற்றுவதையும் ஓர் அங்கமாக வைத்து ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டது. உலகம் முழுக்க அதைப் பின்பற்றினோம். 2014, 2015இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டனிலிருந்து வந்த மூன்று பெரிய ஆய்வுகளில், வழக்கமான நல்ல கவனிப்பைவிட அது கூடுதலாக உயிர் காப்பாற்றவில்லை என்று தெரிந்தது. இப்போது அந்த எண்ணை ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறோம், இலக்காக வைப்பதில்லை.

அடுத்து, ஏன் கழுத்து? பிரஷரை ஏற்றுவதற்காக அப்பாவுக்கு நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து. கையின் சின்னச் சிரையிலிருந்து வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தோலும் சதையும் கருகிப்போகலாம். அவசரத்துக்குச் சில மணி நேரம் கையில் ஓட்டுகிறோம்தான், நாள்கணக்கில் ஓட்டத் தயங்குவோம். பெரிய சிரையில் விட்டால் மருந்து வேகமாக ஓடும் ரத்தத்தில் கலந்து நீர்த்துவிடும். அப்புறம், செறிவான பொட்டாசியம், சிரை வழி உணவு போன்றவற்றைக் கைச் சிரை தாங்காது. அப்பாவின் லைனில் மூன்று வால்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மூன்று தனி வழிகள். ஒன்றோடொன்று சேராத மருந்துகளைத் தனித்தனியாக ஓட்டலாம், கையைத் திரும்பத் திரும்பக் குத்தாமல் ரத்தமும் எடுக்கலாம்.

இதயம்வரை குழாய் விடலாம் என்பதை முதலில் செய்துகாட்டியவர் தன்மேலேயே செய்துகொண்டார். 1929, ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே. வெர்னர் ஃபோர்ஸ்மன், 25 வயது. சிறுநீர்ப் பாதைக்கென்று இருந்த மெல்லிய குழாயை முழங்கைச் சிரையில் நுழைத்து, 65 சென்டிமீட்டர் தள்ளி, நடந்தே எக்ஸ்ரே அறைக்குப் போய் அது தன் இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்தார். பாராட்டுக்குப் பதில் திட்டுதான் கிடைத்தது. 1956இல் நோபல் பரிசு வந்தபோது அவர் சிறுநீரக அறுவை மருத்துவராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். 1953இல் ஸ்வீடனின் செல்டிங்கர் இன்னொரு வழி கண்டுபிடித்தார். ஊசி உள்ளே, ஊசிக்குள் கம்பி, ஊசி வெளியே, கம்பி மேல் டியூப், கம்பி வெளியே. அப்பாவின் கழுத்தில் நடந்தது இதுவேதான். எழுபது வருடத்தில் அடிப்படை மாறவில்லை.

வலது பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்களா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். வலது சிரை பொதுவாகப் பெரிசு, பாதையும் நேர். தோலிலிருந்து 13, 15 சென்டிமீட்டரில் டியூபின் நுனி இதயத்தின் வாசலுக்குப் போய்விடும். இடது பக்கம் போனால் நெஞ்சுக்குள் குறுக்காகத் திரும்ப வேண்டும். நுனி எதிர்ச்சுவரில் முட்டலாம். போதாததற்கு, குடலிலிருந்து கொழுப்பை அள்ளிக்கொண்டு வரும் பெரிய நிணநீர்க் குழாய் இடதுபக்கத்தில்தான், இந்தச் சிரை கையின் சிரையோடு சேரும் மூலையில் வந்து கலக்கிறது. அதில் ஊசி பட்டால் பால் போன்ற திரவம் கசியும். இடதில் போடவே கூடாது என்று அர்த்தமில்லை, வலதில் முடிந்தால் வலது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அவசரக் குழாய் போடவும் வலது ஜுகுலர்தான் முதல் தேர்வு. காறையெலும்புக்கு அடியில் போகும் சிரையில் தடித்த குழாய் போட்டால் அது பின்னாளில் சுருங்கி, அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) வைக்கவே முடியாமல் போகலாம்.

ஆபத்துக்கு வருகிறேன். மூன்று பேர் ஒரே போர்வைக்குள் என்றேன் அல்லவா, முதல் ஆபத்து பக்கத்தில் இருப்பவரைக் குத்திவிடுவது. எனக்கும் நடந்திருக்கிறது. மேல்படிப்பு இரண்டாம் ஆண்டு, ராத்திரி டியூட்டி, ஸ்கேன் மெஷின் கிடையாது. கரோட்டிட் துடிப்பை இடது விரலால் தொட்டு, அதற்கு வெளியே குத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். செக்கச்செவேலென்று ரத்தம் சிரிஞ்சைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஊசியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் சட்டை நனைந்துவிட்டது. சீனியர் அன்றைக்குச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: “ஊசி ஓட்டையை மன்னிக்கும், டைலேட்டர் ஓட்டையை மன்னிக்காது.” டைலேட்டர் என்பது கம்பி மேல் செலுத்தி வழியை அகலப்படுத்தும் தடித்த பிளாஸ்டிக் குச்சி. அது தமனிக்குள் போய்விட்டால் பதறி உருவவே கூடாது. அப்படியே விட்டுவிட்டு ரத்தக்குழாய் அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். உருவினால் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கலாம், மூளைக்குப் போகும் ரத்தமும் தடைபடலாம். நீங்கள் பயந்த பக்கவாதம் வருவதற்கான முக்கிய வழி அதுதான், அதுவும் மிக அபூர்வம்.

ரத்தத்தின் நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. பிரஷரும் ஆக்சிஜனும் இறங்கிய நோயாளிக்குத் தமனி ரத்தமே கறுத்து, பீறிடாமல் வரும். அதனால்தான் அல்ட்ராசவுண்ட். கழுத்தில் வைத்தால் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். லேசாக அழுத்தினால் ஒன்று நசுங்கும், ஒன்று துடித்துக்கொண்டு நிற்கும். நசுங்குவது சிரை. இங்கேயும் அந்தக் குறைந்த அழுத்தமும் மெல்லிய சுவரும்தான் காட்டிக்கொடுக்கின்றன. சிலருக்குச் சிரை தமனிக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும், சிலருக்கு நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு குத்திய காலத்தில் இதெல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2002இலேயே ஜுகுலர் லைனுக்கு அல்ட்ராசவுண்டைப் பரிந்துரைத்துவிட்டது. மெஷின் இருந்தும் அதை வெளியே எடுக்காமல் போடுவதை நான் வீரமாக நினைப்பதில்லை.

இரண்டாவது நுரையீரல். அதன் உச்சி காறையெலும்புக்கு மேலே கழுத்துவரை எட்டிப்பார்க்கிறது. ஊசி தாழ்ந்து போனால் காற்றுப்பை ஓட்டையாகிக் காற்று கசியும். லைன் போட்டதும் எக்ஸ்ரே எடுத்தது அதற்காகவும், நுனி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்காகவும்தான். கம்பி இதயச் சுவரை உரசினால் துடிப்பு சில நொடி தப்பும், பின்னால் இழுத்தால் சரியாகிவிடும். நிஜ நரம்புகளில் அடிபட்டுக் குரல் கம்முவது, ஒரு கண்ணிமை தொங்குவது எல்லாம் புத்தகத்தில் உண்டு. என் அனுபவத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூன்றாவது தொற்று. இப்போது நீங்கள் கண்ணை வைக்க வேண்டியது இதன்மேல்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து ஐந்து சாதாரண விஷயங்களைக் கறாராகச் செய்தன. கை கழுவு, நோயாளியை முழுக்கத் துணியால் மூடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவை முடிந்ததும் எடு. 2006இல் முடிவு வந்தது. ஆயிரம் லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன்-நாள்) 2.7 என்று இருந்த ரத்தத் தொற்றின் மீடியன், அதாவது நடு மதிப்பு, மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. புது மருந்து, புதுக் கருவி எதுவும் இல்லை. ஆகவே தினமும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், “இந்த லைன் இன்னும் தேவையா சார்?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்படமாட்டார்.

இந்தச் சிரையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் நீங்கள் கேட்காத கதைகளும் கண்ணில் படும். பயந்துவிடாமல் இருக்க இரண்டு மூன்றைச் சொல்லிவிடுகிறேன். லெமியர் நோய் என்று ஒன்று: தொண்டைப்புண்ணிலிருந்து கிருமி இந்தச் சிரைக்குள் இறங்கி, சீழ்பிடித்து ரத்தம் உறைந்து, துணுக்குகள் நுரையீரலுக்குத் தெறிக்கும். 1936இல் ஆந்த்ரே லெமியர் எழுதிய 20 நோயாளிகளில் 18 பேர் இறந்தார்கள். பெனிசிலின் காலத்தில் அரிதாகிவிட்டது. ஆரோக்கியமான இளைஞருக்குத் தொண்டைவலி வந்து, சில நாளில் குளிர்காய்ச்சலும் ஒரு பக்கக் கழுத்து வலியும் சேர்ந்தால் மட்டும் நினைவுக்கு வர வேண்டும். அப்பாவின் தொற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இணையத்தில் இன்னொன்றும் தட்டுப்படும். 2009இல் இத்தாலியின் பாவ்லோ ஸம்போனி, கழுத்துச் சிரை அடைப்பால்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, தண்டுவட நோய் வருகிறது என்று சொல்லி, பலூனால் சிரையை விரித்தார். உலகமெங்கும் நோயாளிகள் கடன் வாங்கி விரித்துக்கொண்டார்கள். பின்னர் அவரே முன்னின்று நடத்திய ஒப்பீட்டு ஆய்விலும் பலன் இல்லை. அந்தக் கடை மூடியாயிற்று.

வாய்ப் புற்றுநோய் நம் நாட்டில் அதிகம் என்பதால், இதே சிரையை முழுதாக எடுத்துவிட்டவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். கழுத்தின் முக்கியமான நெறிக்கட்டிகள் இதன் நெடுகிலும் மணிமாலை போல ஒட்டியிருக்கின்றன. 1906இல் ஜார்ஜ் கிரைல், புற்று பரவிய அந்தக் கட்டிகளை எடுக்க, சிரை, மேலே மூடிய தசை, தோளைத் தூக்கும் நரம்பு எல்லாவற்றையும் ஒரே பாளமாக வெட்டியெடுக்கும் முறையை விவரித்தார். இப்போது முடிந்தவரை சிரையை விட்டுவைக்கிறார்கள். ஒரு பக்கம் எடுத்தாலும் மறுபக்கமும் முதுகெலும்பு வலையும் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் முகம் ஊதி, மண்டைக்குள் அழுத்தம் ஏறும்.

எனக்குப் பிடித்த கதை விண்வெளியில் நடந்தது. புவியீர்ப்பு இல்லாத இடத்தில் ரத்தம் கீழே இறங்க வேண்டிய கட்டாயமே இல்லை. 2019இல் வெளியான ஆய்வில், விண்வெளி நிலையத்தில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு இடது உட்கழுத்துச் சிரையில் ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது. ஒருவருக்கு உறைந்தே போயிருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. ஆய்வுக்காகத் தன் கழுத்தைத் தானே ஸ்கேன் செய்தபோது தற்செயலாகத் தெரிந்தது. கையிருப்பில் இருந்த, ரத்தம் உறைவதைத் தடுக்கும் கொஞ்சம் எனாக்ஸபாரின் ஊசியைச் சிக்கனமாகப் போட்டுக்கொண்டு, சரக்கு விண்கலத்தில் மாத்திரை வரும்வரை சமாளித்தார்கள். நிற்கும்போது சப்பி, படுக்கும்போது நிரம்பும் அந்த அன்றாட ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது அதைப் படித்தபோதுதான்.

அப்பாவிடம் திரும்புவோம். லைன் ஒட்டியிருக்கும் கண்ணாடி பிளாஸ்திரி ஈரமானாலோ ஓரம் பிரிந்தாலோ நர்ஸிடம் சொல்லுங்கள். புதிதாகக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், ஊசி இடம் சிவந்தாலும், அந்தப் பக்கக் கையோ கழுத்தோ வீங்கினாலும் சொல்லுங்கள். மூன்று வால்களின் மூடிகளை நீங்கள் தொட வேண்டாம்.

போடுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், எடுப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எடுக்கும்போது அப்பாவைச் சப்பையாக, முடிந்தால் தலைப்பக்கம் சற்றுத் தாழ்த்திப் படுக்கவைப்பார்கள். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்: உட்கார்ந்தால் இந்தச் சிரைக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போய்விடும். டியூப் இருந்த வழியாக, மூச்சை இழுக்கும் நேரம் பார்த்துக் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு நேராக இதயத்துக்குப் போகலாம். “மூச்சைப் பிடிங்க” என்று சொல்லி உருவி, சில நிமிடம் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது படுத்திருக்கட்டும். காபி கேட்டாலும் உடனே தலையணை வைத்து நிமிர்த்திவிடாதீர்கள். பிளாஸ்திரி ஒரு நாள் இருக்கட்டும், குளிப்பதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.